இரண்டு உயிருக்கு நடுவில் வந்த லகரம்

அவளை எனக்கு முதல் நாளே பிடிக்காமல் போனதற்கு ஒரு சொல்தான் காரணம். காய்ச்சலுக்கு ஸ்பானிய மொழியில் என்ன சொல்வது என்பதில் நான் பிழைவிட்டேன். அவள் பிழைவிடவில்லை.

சுனாமி வந்து ஐந்து கிழமை இருக்கும். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஓர் இரண்டு மாடிப் பள்ளிக்கூடம் அகதி முகாமாகியிருந்தது. நாவலடி, டச்பார், எங்கள் ஊர்த் திருச்செந்தூர் என்று கடலோரத்தில் வீடுவாசல் இழந்த சனம் கீழ்மாடி வகுப்பறைகளிலும் முற்றத்துக் கூடாரங்களிலும் படுத்திருந்தது. மேல்மாடியில் சாமான்கள் அடுக்கியிருந்தார்கள். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனமொன்று முற்றத்தோரம் ஒரு வைத்திய நிலையம் நடத்தியது. புண்ணுக்கு மருந்து கட்டுகிறவள் ஒரு ஸ்பானியத் தாதி. தண்ணீர்த் தாங்கியும் மலசலகூடமும் கட்டுவிக்கிறவர் ஓர் இத்தாலிய எஞ்சினியர். அவர்தான் பொறுப்பாளர். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. தமிழ் அறவே இல்லை.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. சின்ன வயதில் கண்டிப் பக்கத்துக் குருமடமொன்றில் சில வருடம் லத்தீன் படித்தவன். குருவாகாமல் இடையில் வெளியேறி, டவுனில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதி எழுதிக்கொண்டிருந்தேன். குருமடத்தில் எங்களுக்குப் படிப்பித்த இத்தாலியச் சாமியாரிடம் இத்தாலிய மொழியும் ஓரளவு பிடித்திருந்தேன். இதை யாரோ சொல்லி என்னை மொழிபெயர்ப்பாளனாக எடுத்தார்கள். ஸ்பானியம் தெரியுமா என்று எஞ்சினியர் கேட்டபோது தெரியும் என்றேன். அது பொய். ஆனால் முழுப் பொய் என்று நான் நினைக்கவில்லை. இத்தாலியம், ஸ்பானியம், பிரெஞ்சு, போர்த்துக்கேயம் எல்லாம் லத்தீன் பெற்ற பிள்ளைகள். தாயின் மெய்யெழுத்து ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் எப்படித் திரிந்தது என்பதற்கு ஒழுங்கு இருக்கிறது. லத்தீனில் பால் ‘லக்தே’. அதிலுள்ள ‘க்த’ இத்தாலியரிடம் ‘த்த’ ஆகி ‘லாத்தே’. ஸ்பானியரிடம் ‘ச்ச’ ஆகி ‘லேச்சே’. போர்த்துக்கேயரிடம் ககரம் யகரமாகி ‘லெய்த்தே’. பிரெஞ்சுக்காரர் வாயில் தகரமும் போய் வெறும் ‘லே’. ஒழுங்கு தெரிந்தவனுக்கு அகராதி எதற்கு என்ற திமிர் எனக்கு நிறைய இருந்தது.

முதல் நாள் ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல். தாதியிடம் சொல்லவேண்டும். லத்தீனில் ‘ஃபெப்ரிஸ்’. சொல்லின் தலையில் நிற்கும் ஃபகரம் ஸ்பானியர் வாயில் காற்றாகப் போய்விடும். மகன் லத்தீனில் ‘ஃபீலியுஸ்’, ஸ்பானியத்தில் ‘இஹோ’. கோதுமை மா லத்தீனில் ‘ஃபரீனா’, ஸ்பானியத்தில் ‘அரீனா’. ஆகவே காய்ச்சல் ‘ஏப்ரே’யாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, “ஏப்ரே” என்றேன். தாதி விழித்தாள். மறுபடி சொன்னேன். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண்குரல், “ஃபேவ்ரி” என்றது.

“ஆ! ஃபியேப்ரே!” என்று தாதி சிரித்துவிட்டாள். ஸ்பானியத்தில் அந்த ஒரு சொல்லில் ஃபகரம் விழாமல் நிற்கிறது. அடுத்து வரும் உயிர் இரட்டித்தால் அப்படித்தான் என்று பிறகு ஒரு இலக்கணப் புத்தகத்தில் கண்டுபிடித்தேன்.

திரும்பிப் பார்த்தேன். பூப்போட்ட கவுண் போட்ட, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருத்தி. டச்பாரில் கொல்லன் பட்டறை வைத்திருந்த பறங்கியின் பெண்சாதி. கடல் புருஷனையும் பட்டறையையும் ஒரே காலையில் கொண்டுபோயிருந்தது. டவுனில் உறவுக்காரர் வீட்டில் ஒதுங்கியிருந்தாள். எங்கள் ஊர்ப் பறங்கியர், போர்த்துக்கேயர் வழிவந்தவர்கள், வெளியில் தமிழ்தான் பேசுவார்கள். வீட்டுக்குள் அவர்களுக்கென்று ஒரு போர்த்துக்கேயம் உண்டு, முந்நூறு நானூறு வருடம் இந்த வாவித் தண்ணீரில் ஊறியது. அதை வைத்துக்கொண்டு அவளும் அன்றைக்கு வேலை கேட்டு வந்திருந்தாள்.

“பிரதர், காய்ச்சல்ட தலைய வெட்டிப்போட்டு நிக்கிறீங்களே” என்றாள். முற்றத்தில் நின்ற சனம் சிரித்தது. குருமடத்தில் படிக்கிறவர்களைத்தான் பிரதர் என்பார்கள். நான் வெளியேறி எத்தனையோ வருடமானது ஊருக்கே தெரியும். வேண்டுமென்றே கூப்பிட்டாள். அவளையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் அவளை அக்கா என்றோ தங்கச்சி என்றோ ஒரு நாளும் கூப்பிடவில்லை. “இஞ்ச” என்பேன், அவ்வளவுதான்.

என் பக்கம் வெற்றி வந்த நாட்களும் உண்டு. நாவலடி மீனவர் ஒருவர், முப்பத்தைந்து வயதுக்காரர், காலில் பெரிய புண்ணோடு வந்தார். அலை அடித்தபோது கூரைத் தகரம் வெட்டியது. தாதி முதலில் விரலிடுக்கைப் பார்த்து “ஓங்கோஸ்” என்றாள். கொல்லன் பெண்சாதிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. தலையில் விழுந்த ஃபகரத்தைத் தூக்கி வைத்தால் லத்தீன் ‘ஃபுங்குஸ்’, பூஞ்சணம். “உங்களுக்குச் சேத்துப்புண் எண்டு சொல்றா” என்று மீனவரிடம் சொல்லிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தேன். பிறகு தாதி முழங்காலுக்குக் கீழே இருந்த வெட்டைக் காட்டி “யாகா” என்றாள். லத்தீனில் ‘பிளாகா’, காயம். ‘பிள’ என்ற தொடக்கம் ஸ்பானியரிடம் யகரமாகும், இத்தாலியரிடம் ‘பிய’ ஆகும். நான் வாய் திறக்குமுன்னே அவள் கத்தினாள்:

“சாகா! சேசுட அஞ்சு சாகா!”

போர்த்துக்கேயத்தில் அந்தப் ‘பிள’ சகரமாகிவிடும். இயேசுவின் ஐந்து காயத்துக்கு அவர்கள் தவசு காலத்தில் செய்யும் செபத்திலிருந்து அவள் அதைப் பிடித்தாள்.

“நான் சொல்ல வாயெடுத்ததுதான். நீங்க குறுக்க விழுந்த” என்றேன்.

“வாயெடுத்தா பத்தாது பிரதர். சொல்லோணும்.”

“உங்கட பாசை உடைஞ்ச பாசை. அதில எழுத்துமில்ல, இலக்கணமுமில்ல.”

“அப்ப நீங்க ஏன் கதிரையில இரிக்கிறீங்க? குசினியில சோறு தின்றீங்க, சப்பாத்துப் போடுறீங்க, துவாயால துடைக்கிறீங்க. எல்லாம் எங்கட உடைஞ்ச பாசைதானே.”

“ரெண்டு பேரும் மறுகா சண்டை பிடியுங்க. முதல்ல என்ட காலப் பாருங்க” என்றார் மீனவர். தாதி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பஞ்சை எடுத்தாள்.

ஏன் அவ்வளவு வன்மம் என்று பின்னாளில் என்னை நானே கேட்டதுண்டு. எண்பத்து மூன்று கலவரத்தில் நான் குருமடத்திலிருந்து ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு கும்பல் பஸ்ஸை மறித்தது. ஒருவன் ஒரு வாளியைத் தூக்கிக் காட்டி ஒவ்வொருவரிடமும் இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். சிங்களவர் அதை ‘பால்திய’ என்பார்கள், அதுவும் போர்த்துக்கேயர் கொடுத்த சொல்தான். தலையில் நிற்கும் பகரத்தை உதடு அதிரச் சொல்லவேண்டும். எனக்கு முன் சீட்டில் இருந்த மனுசர் “வாளிய” என்றார். அவரை இறக்கினார்கள். நான் சரியாகச் சொன்னேன். பஸ் வெளிக்கிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு மெய்யெழுத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள்மீது எனக்கு ஒரு வெறுப்பு வந்துவிட்டது. அந்த மனுசர்மீதுகூட வந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பங்குனி அளவில் சண்டை ஊருக்கே தெரிந்த சண்டையாகிவிட்டது. ஒரு நாள் பின்னேரம் தேநீர் வேளையில் தாதி “வோய் ஆ சலீர்” என்று கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெளியே போகிறேன் என்று அர்த்தம்.

“சலீர் எண்டா எங்கட சாயீ” என்றாள் கொல்லன் பெண்சாதி, தன்பாட்டில். வெளியே போவதற்கு அவர்கள் சொல்லும் சொல்.

நான் விடவில்லை. “ஓம், அதே சொல்லுதான். உங்கட ஆக்கள் லகரத்தை விழுங்கிப்போட்டாங்க. ரெண்டு உயிரெழுத்துக்கு நடுவில லகரம் வந்தா போர்த்துக்கேயர் தின்றுபோடுவாங்க. நோவுக்கு ஸ்பானியர் தொலோர் எண்டு சொல்றாங்க, இத்தாலியர் தொலோரே, நீங்க தோர். தடிக்கு அவங்க ரெண்டு பேரும் பாலோ, நீங்க பாவ். வானத்துக்கு இத்தாலியில சேலோ, உங்களுக்கு சேவ். விழுங்கின லகரத்தைத் திருப்பி வைச்சா எல்லாம் ஒண்டுதான். சாயீ, சலீர், சலீரே. மூண்டும் ஒரு சொல்லு. இந்தக் கணக்குத் தெரிஞ்சிருந்தா நீங்க எஞ்சினியரோடயும் கதைச்சிருக்கலாம்.”

அவள் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தாள். சாயீ, சலீர், சலீரே. மனப்பாடம் பண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எஞ்சினியரோடு பேசுவது அதுவரை என் ஒருவனுக்குரிய இடம். அதற்குள் நுழையப் பார்க்கிறாள் என்றும் தெரிந்தது.

நான் சொன்னதில் ஒரு குறை இருந்தது. மூன்றும் ஒரு லத்தீன் சொல்லில் பிறந்தவைதான். லத்தீனில் அதற்குப் பாய்வது என்று அர்த்தம். ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் அதை வெளியே போவதற்கு வைத்துக்கொண்டார்கள். இத்தாலியர் மேலே ஏறுவதற்கு வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். விசுவாச மந்திரத்தை இத்தாலியத்தில் எங்களுக்குப் படிப்பித்தபோது, இயேசு பரலோகத்துக்கு ஏறினார் என்ற இடத்தில் அந்தச் சொல்தான் வரும். அன்றைக்கு அதையும் சொன்னால் என் கணக்கின் அழகு கெட்டுவிடும் போலிருந்தது. மூன்றும் ஒன்று என்று சொல்லி முடித்ததில் ஒரு நிறைவு இருந்தது. விட்டுவிட்டேன்.

ஒரு கிழமை கழித்து, பகல் பதினொரு மணி போல, “கடல் வருது!” என்று ரோட்டிலிருந்து ஒரு சத்தம். அந்த மாதங்களில் இப்படி அடிக்கடி வதந்தி கிளம்பும். ஒவ்வொரு முறையும் சனம் உண்மையென்று நம்பித்தான் ஓடும். நான் கீழ்மாடிக் கந்தோர் அறையில் அலுவலகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுந்து கதவடிக்கு வந்தேன். முற்றம் முழுக்கச் சனம் எழுந்து நின்றது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேல்மாடி விறாந்தையில் எஞ்சினியர். ஒரு கையில் போன், மற்றக் கையால் கட்டைச் சுவரைப் பிடித்தபடி குனிந்து கத்தினார்: “சலீத்தே! சலீத்தே!”

ஏறுங்கள் என்கிறார். கட்டிடம் உறுதியானது, மேலே வந்துவிடுங்கள் என்கிறார்.

முற்றத்தின் நடுவில் நின்ற கொல்லன் பெண்சாதி அண்ணாந்து அவரைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் வீசிச் சனத்தைப் பார்த்துத் தமிழில் கத்தினாள்:

“வெளிய போகட்டாம்! எல்லாரும் வெளிய போங்க! வெளிய!”

நான் கதவடியில் நின்றேன். என் வாயில் “மேல ஏறுங்க” என்ற இரண்டு சொல்லும் இருந்தன. அவை வரவில்லை. முதலில் எனக்குள் வந்தது ஒரு சந்தோசம். பிழைவிட்டாள், எல்லாருக்கும் முன்னால் பிழைவிட்டாள் என்ற சந்தோசம். எத்தனை வினாடி அப்படி நின்றேனோ தெரியாது. நான் கத்தத் தொடங்கியபோது யாருக்கும் கேட்கிற நிலையில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தின் கேற் ஒடுக்கமானது, உள்பக்கமாகத் திறப்பது. அதை நோக்கி நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாகப் போனார்கள். அலறல் கேட்டது. இரும்பு வளைகிற சத்தம் கேட்டது.

கடல் வரவில்லை. அரை மணித்தியாலத்தில் சனம் திரும்பி வந்தது. கேற்றடியில் ஏழெட்டுப் பேருக்குச் சிராய்ப்பு, ஒரு பெண்ணுக்குக் கை சுளுக்கு. நாவலடி மீனவர் மட்டும் எழும்பவில்லை. புண்காலோடு கம்பு ஊன்றி ஓடியவர் விழுந்திருந்தார். அவர்மேல் சனம் ஏறிப் போயிருந்தது. ஏற்கெனவே அழுகிக்கொண்டிருந்த கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் விசாரணை. எஞ்சினியர், தாதி, நாங்கள் இருவர். யார் வெளியே போகச் சொன்னது என்று எஞ்சினியர் இத்தாலியத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அவள் முதலில் தன் போர்த்துக்கேயத்தில் தொடங்கினாள். கோபத்தில் அது அறுந்துபோக, தமிழுக்கு வந்தாள்.

“இந்த ஆள்தான் சொன்ன! சலீர், சலீரே, ரெண்டும் ஒரு சொல்லு எண்டு. போன கிழமை, தேத்தண்ணி குடிக்கக்குள்ள, இந்தா இந்த மேசையில வைச்சு. நான் அத நம்பின. சொல்லுங்க அவருக்கு!”

எஞ்சினியர் என்னைப் பார்த்தார்.

“இரண்டும் ஒரே சொல் என்று நினைத்துவிட்டாளாம்” என்றேன் இத்தாலியத்தில்.

அவ்வளவுதான். நான் பொய்யாக எதையும் சேர்க்கவில்லை. ஒரு ஆளை மட்டும் வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது நீளம் போதாது என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

“முழுக்கச் சொல்லு” என்றாள். நீங்க போய் நீ வந்துவிட்டது.

“சொல்லிட்டன்.”

“உன்னைச் சொன்னியா?”

“இஞ்ச பாருங்க, சொல்லிட்டன் எண்டனே.”

அன்றைக்கே அவளை நிறுத்தினார்கள். தாதி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் அழவில்லை. போகும்போது என் மேசைக்கு முன் வந்து நின்று, தன் பாசையில் ஏதோ சொன்னாள். என் கணக்கு எதுவும் இல்லாமலே அது எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு அவளை நான் இன்னும் கூடுதலாக வெறுத்தேன். கெடுதல் செய்தவன் நான், ஆனாலும் வெறுப்பு என்னிடம்தான் வளர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோயில் வாசலில் எல்லாருக்கும் முன்னால் “பொய்ச்சாட்சிக்காரா, உனக்கு நற்கருணை ஒரு கேடா?” என்று கத்தினாள். விசர்ப் பொம்பிளை என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டு நடந்தேன். பறங்கியர் யாரும் அதன் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என் வீட்டு ஜன்னல் நிலை உக்கிப்போய், தெரிந்த பறங்கி ஆசாரியைக் கூப்பிட்டேன். “எனக்கு வேலை கூட” என்றான். அவன் பட்டறை வாசலில் சும்மா இருந்துதான் சொன்னான்.

பிறகு நாட்டில் போர் மறுபடி மூண்டது. வாகரையிலிருந்தும் வாவிக்கு மேற்கே வவுணதீவுப் பக்கத்திலிருந்தும் சனம் மூட்டை முடிச்சோடு டவுனுக்கு வந்தது. ஷெல் சத்தத்தில் என் வீட்டு உக்கின ஜன்னல் கடகடக்கும். புதிய முகாம்களில் நான் எஞ்சினியருக்கு மொழிபெயர்த்துக்கொண்டு திரிந்தேன். அந்த நாட்களில் ஒருவரை அழிக்க ஒரு மொட்டைக் கடிதம் போதும். இன்னார் இன்னாருக்குச் சோறு கொடுக்கிறார் என்று ஒரு வரி. ஒரு மத்தியானம் நான் கடதாசியை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தது உண்மை. அவள் விலாசம்வரை எழுதினேன். பிறகு கிழித்தேன். மனம் இளகிக் கிழிக்கவில்லை. காணி உறுதி எழுதி எழுதி என் கையெழுத்து ஊர் முழுக்கத் தெரிந்ததாக இருந்தது, அதனால் கிழித்தேன்.

நிறுவனம் மூட்டை கட்டிப் போனது. போர் முடிந்தது. முடிந்து ஒரு வருடம் போல இருக்கும், லிஸ்பன் பக்கத்திலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயத்தைப் பதிவு செய்யவேண்டுமாம். லத்தீன் தெரிந்த மொழிபெயர்ப்பாளன் என்று யாரோ என்னைக் காட்டிக்கொடுத்திருந்தார்கள். யார் யாரைச் சந்திக்கப் போகிறோம் என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது வீடு திருச்செந்தூரில், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு. கதவைத் திறந்தவள் கொல்லன் பெண்சாதி. முடி முழுக்க நரைத்திருந்தது.

“இந்த ஆளோட நான் கதைக்கிறல்ல” என்றாள். நான் திரும்பி நடக்க இரண்டு அடி வைத்திருப்பேன்.

“நில்லுங்க. நீங்களே சொல்லுங்க. அதுதான் நல்லம்.”

ஆராய்ச்சியாளர் ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தார். எழுத்திலுள்ள போர்த்துக்கேயத்துக்கும் இவள் பேச்சுக்கும் தூரம் அதிகம், அவருக்குப் பாதிதான் பிடிபடும்; முகாமில் அவளோடு போட்டியிட்ட மாதங்களில் எனக்கு அது பழகியிருந்தது. ஒவ்வொரு வசனமாக அவள் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. உங்கள் வாழ்க்கையில் நடந்த ஏதாவதொன்றைச் சொல்லுங்கள் என்றார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே தொடங்கினாள்.

கடல் வந்த காலை. புருஷன். பள்ளிக்கூடம். தாதி. காய்ச்சல். வசனம் வசனமாகச் சொன்னேன். தேநீர் மேசைக்கு வந்தாள். “அந்த மனுசன் எனக்குச் சொன்னான், இரண்டும் ஒரே சொல் என்று.” நான் நிறுத்தினேன். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அந்த மனுசன் அவளுக்குச் சொன்னான், இரண்டும் ஒரே சொல் என்று. அந்த மனுசன் நான்தான்” என்றேன்.

ஆராய்ச்சியாளர் கருவிக்குக் கை நீட்டினார். அவள் அவர் கையைத் தடுத்தாள்.

“என்ன சொன்னீங்க அவருக்கு?”

“நான்தான் எண்டு சொன்னன்.”

“தமிழில திருப்பிச் சொல்லுங்க.”

சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுத் தன் பாசையில் தொடர்ந்தாள். விசாரணையில் நான் விட்டதைச் சொன்னாள். அதையும் சொன்னேன். கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் முடிக்கவில்லை. இந்த முறை தமிழில் சொன்னாள்.

“இன்னொண்டு இரிக்கி. அண்டைக்கு நீங்க கந்தோர்க் கதவடியில நிண்ட. நான் கண்ட. எனக்கு அந்தச் சொல்லில ஒரு சந்தேகம் வந்து, உங்களயும் பார்த்துப் பார்த்துத்தான் கத்தின. பிழையெண்டா இந்தாள் சொல்லுவான் எண்டு நினைச்சன். நீங்க சிரிச்ச மாதிரி நிண்ட. அதாலதான் சரியெண்டு நினைச்ச. அதையும் சொல்லுங்க.”

அதைச் சொல்லி முடிக்க எனக்கு வெகு நேரம் எடுத்தது. ஆராய்ச்சியாளர், ஏதாவது பேசவேண்டுமே என்பதற்காகப் போல, அவள் சகர உச்சரிப்பைப் பற்றிச் சொன்னார். காயத்துக்கு அவள் ‘சாகா’ என்று சகரத்தை அழுத்திச் சொல்கிறாள். அவர் ஊர்ப்பக்கத்தில் அது எப்போதோ ‘ஷாகா’ என்று இளகிவிட்டது. கப்பலேறி வந்தவர்கள் பேசிய பழைய ஒலி இங்கேதான் கெடாமல் இருக்கிறது என்றார். உடைஞ்ச பாசை என்று நான் சொன்னதை அவர் அறியமாட்டார். நான் அதை அவளுக்கு மொழிபெயர்த்தேன்.

“அது எனக்குத் தெரியும்” என்றாள். அவருக்கு மட்டும் ஒரு கோப்பை தேநீர் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு வைக்கவில்லை. நான் எழுந்து வெளியே ஓட்டோவில் போய் இருந்தேன். மிச்சக் காலை முழுக்க அவர்கள் இருவரும் நான் இல்லாமலே எப்படியோ பேசிக்கொண்டார்கள்.

அடுத்த கிழமை நாவலடிக்குப் போனேன். அந்த மீனவரை நான் ஐந்து வருடமாகப் போய்ப் பார்த்ததில்லை. புதுவீட்டு வாசலில், வெட்டிய காலை ஒரு பலகையில் நீட்டிக்கொண்டு வலை பொத்திக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நான் முழுக்கச் சொன்னேன். சலீர், சலீரே, கதவடி, எல்லாம். அவர் ஊசியை நிறுத்தாமல் கேட்டார்.

“எனக்கு அண்டைக்கு ஆர் கத்தினதும் கேக்கல்ல தம்பி” என்றார். என்னைவிட வயதில் சின்னவர். “எல்லாரும் ஓடின. நானும் ஓடின.”

நான் அவர் பக்கமாக இன்னும் ஓரடி வைத்தேன்.

“பறங்கிப் பொம்பிளையச் சொல்றீங்க என்ன? அவ ஒவ்வொரு நத்தாருக்கும் கேக் கொண்டு வாறவ. என்னாலதான் உனக்குக் கால் போன எண்டு அழுவா. இல்ல கா, விடுங்க எண்டு நானும் சொல்றதுதான். கேக்கமாட்டா.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “நீங்க இப்பதான் வாறீங்க.”

“ஓம்.”

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வலையில மிதிக்கிறீங்க.”

தள்ளி நின்றேன்.